ஏற்ற அளவு

மிதுனா மூன்றாவது தடவையாகத் தண்ணீரின் புளோரைடு அளவை 6.4 என்று பதிவேற்றினாள். முதல் இரண்டு தடவையும் திரை மஞ்சளாகி, "பிழை இருக்கலாம், மீண்டும் அளக்கவும்" என்று சொல்லியிருந்தது. இந்தத் தடவை சிவந்தது. நடுவில் "புனைந்த தரவு" என்று இரண்டே சொற்கள். அவற்றின் கீழே அவள் பெயர், வகுப்பு, பள்ளி. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: விசாரணை முடியும்வரை இவ்வகுப்பின் எல்லாச் செயல்திட்டங்களும் நிறுத்திவைக்கப்படுகின்றன.

காரைமேட்டுப்புதூர் மேல்நிலைப் பள்ளியின் பிளஸ் ஒன் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அந்தக் கடைசி வரி எல்லோருடைய கைத்திரையிலும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. அறிவியல் செயல்திட்டத்துக்கு இருபது மதிப்பெண். அது இல்லாமல் எந்த நல்ல கல்லூரியும் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காது.

வேதியியல் ஆசிரியை சாருமதி பாடத்தை நிறுத்தினாள்.

"எந்திரி."

மிதுனா எழுந்தாள்.

"தெளிவு என்ன அளவு வரும்னு சொல்லியிருந்துச்சு?"

"0.9ங்க மிஸ்."

"நீ என்ன போட்ட?"

"6.4ங்க."

"ஏன்?"

"அதுதானுங்க வந்துச்சு."

யாரோ சிரித்தார்கள், வாயைக் கையால் மூடிக்கொண்டு. அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள். பல்லில் பழுப்புக் கோடுகள் இல்லாத பிள்ளை அந்த வகுப்பில் ஒன்றுகூடக் கிடையாது.

"இந்த ஊருத் தண்ணிய பதிமூணு வருசமா இருநூத்திப் பன்னெண்டு பேரு அளந்திருக்கறாங்க. அத்தன பேருக்கும் 0.9. உனக்கு மட்டும் ஏழு மடங்கு. அவங்க எல்லாரும் முட்டாளா?"

"அவங்க அளந்தாங்களான்னு எனக்குத் தெரியாதுங்க மிஸ். நான் அளந்தேன்."

"உக்காராத. பீரியட் முடியற வரைக்கும் நில்லு" என்று சொல்லிவிட்டுச் சாருமதி பலகைப் பக்கம் திரும்பினாள்.

'தெளிவு' என்பது பள்ளி அறிவியல் செயல்திட்டங்களுக்கென்று நடத்தப்பட்ட வலைத்தளம். ஊர்ப் பெயரைச் சொன்னால் தலைப்புக் கொடுக்கும். என்னென்ன பொருள் வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று படத்தோடு காட்டும். முன்பு அதே ஊரில் யார் யார் செய்தார்கள் என்று திறந்து காட்டும். என்ன விடை வரவேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடும். மாணவன் அனுப்பும் அளவு, அந்த ஊருக்குக் கடைசியாக ஏற்ற அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் ஏற்காது. மூன்று தடவை விலகினால் சிவப்பு.

இதில் சேர்ந்த அளவுகள்தான் மாநிலத்தின் குடிநீர் வரைபடம். இத்தனை ஆயிரம் பள்ளிக்கூடங்கள் சும்மாவே அளந்து தரும்போது தனியாக ஆய்வகம் எதற்கு என்று மாவட்ட நீர் ஆய்வகங்களை ஒவ்வொன்றாக மூடியிருந்தார்கள். தண்ணீரில் புளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஊர் சிவப்பு, அளவு அதிகமான ஊரிலிருந்து தொடங்கி ஆற்றுக் குடிநீர்க் குழாய் வரும். ஒன்றரைக்குக் கீழே இருந்தால் பச்சை, இருக்கிற ஆழ்துளைக் கிணறு போதும். காரைமேட்டுப்புதூர் பதிமூன்று வருடமாகப் பச்சை. அடுத்த குழாய்ப் பட்டியல் பிப்ரவரியில் முடிவாக இருந்தது. அதற்கு அடுத்தது எட்டு வருடம் கழித்து.

மணி அடித்து மிதுனா பையைத் திறந்தபோது உள்ளே எல்லாம் ஈரம். ஆறு தெருக்களில் பிடித்து, பெயர் ஒட்டி, தேதி எழுதி வைத்திருந்த ஆறு புட்டிகளும் மூடி கழன்று கிடந்தன. நோட்டுகள் ஊறிப் போயிருந்தன. பின் வரிசையில் ரக்‌ஷனா நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணிதான, குடிச்சுக்கோ" என்றாள் ரக்‌ஷனா. "எங்கப்பா என்னை டாக்டருக்குப் படிக்கவெக்கோணும்னு மூணு வருசமாத் தறி ஓட்டறாரு. உன்ற 6.4ஆல எனக்கு இருபது மார்க் போச்சுன்னா உன்னை இந்த ஊர்ல இருக்க உடமாட்டேன்."

மிதுனா புட்டிகளைத் துடைத்து மறுபடி பைக்குள் வைத்தாள்.

*

தலைமையாசிரியர் குழந்தைவேல் மறுநாள் அவள் அம்மாவை வரச்சொன்னார். வசந்தாமணி நாற்பத்தொரு வயதுக்காரி. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்பதால் நாற்காலியைக் காட்டியும் நின்றுகொண்டே இருந்தாள்.

"பெரிய விசயமொண்ணும் இல்லீங்க" என்று ஒரு காகிதத்தை மேசையில் நகர்த்தினார் தலைமையாசிரியர். "இந்த அளவையெல்லாம் நானே கற்பனையா எழுதினேன், என்னை மன்னிக்கவும். அவ்வளவுதான். புள்ள கையெழுத்துப் போட்டாப் போதும். மத்த முப்பத்தேழு பேருக்கும் தடை போயிரும்."

"என்ற புள்ளைக்கு?"

"மார்க் போகும். பேரு அஞ்சு வருசம் பட்டியல்ல இருக்கும்."

"நான் கற்பனையா எழுதலீங்க சார்" என்றாள் மிதுனா.

"உன்னை யாரும் கேக்கல."

வசந்தாமணி காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்கு நடந்தாள். கதவைச் சாத்திய பிறகுதான் வெடித்தாள்.

"அந்த 0.9ஐப் போட்டிருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்? ஊர்ல ஒவ்வொருத்தியும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறா. உங்கப்பன் லாரியில எங்கியோ கெடக்கறான். நானு யாருகிட்டப் போய் நிப்பேன்?"

"உனக்கு முட்டி ஏன் மடங்க மாட்டேங்குதுன்னு டாக்டர் சொன்னாரா?"

"கால்சியம் பத்தலையாமா. தண்ணி நல்ல தண்ணி, வரைபடத்துலயே பச்சைன்னு காட்டுனாரு."

"தண்ணிதாம்மா. எலும்புல போய் உக்காந்துக்குது. 6.4 குடிச்சா உனக்கு அம்பது வயசுல முதுகு வளையாது."

வசந்தாமணி கையை ஓங்கினாள். கை தோள் மட்டத்துக்கு மேலே எழவில்லை. அந்தரத்தில் நின்ற கையைத் தானே பார்த்தாள். பிறகு அதை இன்னொரு கையால் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மிதுனா கைத்திரையை எடுத்துத் தெளிவைத் திறந்தாள். பெயர் பட்டியலில் ஏறியதால் அவளால் எதுவும் அனுப்ப முடியாது. படிக்கத் தடை இல்லை. ஊரின் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் வரிசையாகப் படித்தாள். 0.91. 0.89. 0.92. 0.9. மழை கொட்டிய வருடமும் அதே. கிணறுகள் வறண்டு லாரியில் தண்ணீர் வந்த வருடமும் அதே. அவள் ஒரே குழாயில் ஜூனில் பிடித்ததற்கும் ஆகஸ்டில் பிடித்ததற்கும் ஒரு முழுப் புள்ளி வித்தியாசம் இருந்தது. இவர்களுடைய தண்ணீருக்கு மட்டும் வெயிலும் மழையும் இல்லை. அவர்கள் தண்ணீரைப் பார்த்து எழுதவில்லை, திரையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

அப்படியானால் முதல் ஆள் எதைப் பார்த்து எழுதியது?

கடைசிவரை இறங்கினாள். முதல் பதிவு 2029. "எங்கள் ஊர் நிலத்தடி நீரில் புளோரைடு: பன்னிரண்டு கிணறுகள்." மாநில அளவில் முதல் பரிசு. செய்தவர், பிளஸ் ஒன் மாணவி க. சாருமதி.

*

சனிக்கிழமை காலை பன்னிரண்டு கிணறுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினாள். முதல் ஆறும் இருந்த இடத்தில் இருந்தன. ஏழாவது, வடக்காலத் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு, அளவு 0.88. தோட்டக்காரர் ஆறுச்சாமி மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு போர் இருந்துச்சுங்களா?"

"அந்தக் கல்லு போட்டு மூடி வெச்சிருக்கறமே, அதுதான் அம்மிணி."

"அதுல தண்ணி எப்பிடிங்க இருக்கும்?"

"தண்ணியா? அறுநூறு அடி ஓட்டுனோம். வெறும் புகைதான் வந்துச்சு. சொட்டுத் தண்ணி கண்டதில்ல அது. எனக்குக் கல்யாணமான வருசம் போட்டது, முப்பது வருசமாச்சு."

மற்ற ஐந்தையும் பார்க்க அவள் போகவில்லை. கல்லைக் கைத்திரையில் படம் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

திங்கட்கிழமை மதியம் ஆய்வகத்தில் சாருமதி மட்டும் இருந்தாள். சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். மிதுனா வாசலிலேயே நின்றாள்.

"காகிதம் கொண்டாந்தியா?"

"ஏழாவது கெணத்துல தண்ணியே இல்லீங்க மிஸ்."

குழாய் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. சாருமதி அதை மூடினாள். அவளுடைய பற்கள் மட்டும் ஊரில் வெள்ளையாக இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு கோயம்புத்தூரில் மேல்பூச்சுப் போட்டுக்கொண்டது.

"கதவச் சாத்து."

மிதுனா சாத்தவில்லை.

"அப்ப எனக்கு உன்ற வயசு" என்றாள் சாருமதி. குரலில் இளக்கம் எதுவும் இல்லை. "தண்ணியச் சோதிக்கற சாயம் வர்றதுக்கு லேட்டாயிருச்சு. ரெண்டு நாள்தான் இருந்துச்சு. வலைத்தளத்துல வேற ஒரு மாவட்டத்து அட்டவணை இருந்துச்சு. அதப் பாத்துக் கொஞ்சம் ஏத்தி எறக்கி எழுதினேன். கெணத்துப் பேரு பஞ்சாயத்துப் பதிவேட்டுல இருந்து எடுத்தது. பரிசு கெடைக்கும்னு நெனச்சனா? அதுக்கப்புறம் அடுத்த வருசத்துப் பசங்க அளப்பாங்க, அது சரியாயிரும்னு நெனச்சேன்."

"யாரும் அளக்கல."

"ரெண்டு பேரு அளந்தாங்க. எனக்கு அடுத்த வருசம் ஒருத்தன், அதுக்கடுத்த வருசம் ஒரு புள்ள. ரெண்டு பேருக்கும் ஆறுக்கு மேல வந்துச்சு. ரெண்டு பேரையும் செவப்பாக்கிருச்சு. அதப் பாத்து மத்தவங்க கத்துக்கிட்டாங்க."

"நீங்க டீச்சராகி வந்து நாலு வருசமாச்சுங்க."

"ஆமா."

"நீங்க அளந்தீங்களா?"

சாருமதி கையைத் துண்டில் துடைத்தாள். "வந்த மாசமே அளந்தேன். 6.1."

"எங்கம்மாவால கையத் தூக்க முடியல" என்றாள் மிதுனா.

"எங்கம்மாவால அஞ்சு வருசமா நடக்க முடியல. உனக்கு மட்டுந்தான் வீட்டுல ஆளுன்னு நெனச்சுக்காத." சாருமதி ஒரு முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இத நீ வெளிய சொல்லு. யாரு கேப்பாங்க? செவப்புப் பட்டியல்ல இருக்கறவ, டீச்சர் மேல பழி போடறாம்பாங்க. நானும் அதத்தான் சொல்லுவேன். எனக்கு இந்த வேலைய விட்டா வேற வழியில்ல."

"நீங்களே திருத்துனா?"

"என்ன?"

"மொதப் பதிவு உங்களுது. தப்புன்னு நீங்களே திருத்தினா அது ஏத்துக்கணுமில்ல?"

வெளியே பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது. சாருமதி எழுந்துபோய் ஆய்வகத்துக் கணினியைத் திறந்து, பதிமூன்று வருடப் பழைய கடவுச்சொல்லைத் தேடி எடுத்து உள்ளே போனாள். 0.9 இருந்த இடத்தில் 6.4 என்று மாற்றினாள். காரணம் என்ற கட்டத்தில் "அளக்காமல் எழுதியது" என்று தட்டினாள்.

திரை மஞ்சளானது. "உங்கள் திருத்தம் இவ்வூருக்குக் கடைசியாக ஏற்ற அளவுடன் பொருந்தவில்லை. பிழை இருக்கலாம்."

மறுபடி அனுப்பினாள். மறுபடி மஞ்சள்.

மூன்றாவது தடவைக்கு விரலைக் கொண்டுபோனவள் நிறுத்திக்கொண்டாள். "இன்னொரு தடவ அழுத்தினா நானும் செவப்பு" என்றாள். "பாத்தியா? செஞ்சவளே ஒத்துக்கிட்டாலும் அது நம்பாது. போ. காகிதத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போ."

மிதுனா போகவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது கடைசியா ஏத்துக்கிட்ட அளவோடதானுங்க ஒப்பிடுது?"

"ஆமா."

"அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் ஏத்துக்கும்."

"அதுக்கு?"

"0.9க்கு அப்புறம் ஒருத்தி 1.06 போட்டா ஏத்துக்கும். அப்ப 1.06தான் கடைசி அளவு. அடுத்தவ 1.25 போடலாம். அப்புறம் 1.47." மிதுனா மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்து மேசை மேலேயே எழுதிக்கொண்டு போனாள். 1.73. 2.04. 2.40. சாருமதி எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். 5.44 என்று எழுதிவிட்டு மிதுனா நிமிர்ந்தாள். "பன்னெண்டாவது ஆளு 6.4 போடலாங்க. வாரத்துக்கு ஒருத்தரு. பிப்ரவரிக்குள்ள முடிஞ்சுரும்."

"பதினோரு பேரு பொய் எழுதோணும்."

"எப்பவும் எழுதறாங்களே."

சாருமதி சிரித்தது போலிருந்தது, ஆனால் சிரிப்பில்லை. "கணக்கெல்லாம் சரிதான். ஒண்ண மறந்துட்ட. இந்த வகுப்புக்குத் தடை இருக்கு. தடை போனாத்தான் அவங்களால அனுப்ப முடியும். தடை போகோணும்னா நீ கையெழுத்துப் போடோணும்."

மிதுனா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"நான் உன்னைப் போடுன்னு சொல்லல" என்றாள் சாருமதி. "எனக்கு உன்னைப் புடிக்கல. மொத நாள்ல இருந்தே புடிக்கல. அத மாத்திக்கப் போறதும் இல்ல. ஆனா நீ போட்டீன்னா, பன்னெண்டு பதிவுலயும் நான் கையெழுத்துப் போடறேன்."

*

அன்று சாயங்காலமே மிதுனா தலைமையாசிரியர் அறையில் காகிதத்தைக் கொடுத்தாள். இந்த அளவுகளை நானே கற்பனையாக எழுதினேன் என்ற வரிக்குக் கீழே தன் பெயரை முழுதாக எழுதியிருந்தாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமில்ல" என்றார்.

வசந்தாமணிக்கு இது தெரிந்தபோது, "கடைசியில எழுதித்தான் குடுத்தியா?" என்று கேட்டாள். அன்றைக்குத் திட்டியதைவிட இந்தக் கேள்விதான் மிதுனாவுக்கு அதிகம் வலித்தது. என்ன செய்யப்போகிறார்கள் என்பதை அம்மாவிடம் சொல்ல முடியாது. தெருவில் ஒரு வாய்க்குத் தெரிந்தாலும் எல்லாம் போய்விடும்.

நவம்பர் இரண்டாம் வாரம் சாருமதி வகுப்பில் முதல் சீட்டைக் கொடுத்தாள். அதில் 1.06 என்று இருந்தது. வாங்கிய பையன் அதைப் பதிவேற்றினான். பச்சை வந்தது. அடுத்த வாரம் இன்னொருத்தி, 1.25. அதற்கடுத்த வாரம் 1.47. எண்கள் ஏறிக்கொண்டே போவதை வகுப்பில் பார்க்காதவர்கள் இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆசிரியை கொடுத்த எண்ணைப் போடுவதும் பச்சை வருவதும்தான் அவர்களுக்குத் தெரிந்த அறிவியல்.

மிதுனாவோடு யாரும் பேசவில்லை. அவளுடைய பெஞ்சில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திரையைத் திறந்து ஊரின் நிறத்தைப் பார்த்தாள். நான்காவது வாரம் ஊர் வெளிர்ச் சிவப்பாகியது. எட்டாவது வாரம் அடர்சிவப்பு. ஜனவரி கடைசியில் பன்னிரண்டாவது சீட்டு ரக்‌ஷனாவுக்குப் போயிற்று. 6.4 என்பதைப் பார்த்ததும் அவள் திரும்பி மிதுனாவைப் பார்த்தாள்.

"இது அவ நம்பருங்க மிஸ்."

"இப்ப உன்ற நம்பரு. போடு."

ரக்‌ஷனா போட்டாள். பச்சை வந்தது.

பிப்ரவரிப் பட்டியலில் காரைமேட்டுப்புதூர் இருந்தது. ஒரே பருவத்தில் நிலத்தடி நீர் இவ்வளவு கெட்டுப்போனது எப்படி என்று இரண்டு பேராசிரியர்கள் கட்டுரை எழுதினார்கள். ஒன்றில் பூமிக்கடியில் பாறை நகர்ந்திருக்கலாம் என்று இருந்தது. சரியான நேரத்தில் கண்டுபிடித்ததற்காக ரக்‌ஷனாவுக்கு மாவட்டப் பரிசு கிடைத்தது. மேடையில் அவள் சான்றிதழை வாங்கிக்கொண்டு வாயை மூடியபடியே படத்துக்கு நின்றாள். இறங்கி வரும்போது மிதுனா இருந்த வரிசையைக் கடந்தாள், கடக்கும்போது தலை குனிந்திருந்தது. சாருமதி விழாவுக்கு வரவில்லை. ஜூனில் அவள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்த வருடம் ஆற்றுத் தண்ணீர் வந்தது. அம்மாவின் முட்டி சரியாகவில்லை. எலும்பில் ஏறியது இறங்காது என்று புது மருத்துவர் ஒருவர் சொன்னார். இனிமேல் பிறக்கிற பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக முளைக்கும், அவ்வளவுதான்.

*

பிளஸ் டூ முடித்து மிதுனா இருபத்திரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். இருபத்தொன்றிலிருந்து பதிலே இல்லை. ஒன்று மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. வேதியியல் பட்டப்படிப்பு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் துறைத் தலைவர். அவள் வணக்கம் சொன்னதைக் கவனிக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பேரு புனைந்த தரவுப் பட்டியல்ல இருக்கு. தெரியுமா?"

"தெரியுங்க சார்."

"கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டும் இருக்கீங்க. பொய்யா ஒரு அளவ எழுதினவங்க வேதியியல் படிக்க எதுக்கு வரணும்? உங்களக் கூப்பிட்டதே, இத நேர்ல கேக்கணும்னுதான்."

மற்ற இருவரும் பேனாவை மூடிவிட்டிருந்தார்கள். கதவுப் பக்கம் அடுத்த பெயரை யாரோ கூப்பிடத் தயாரானார்கள்.

"ஒண்ணு இல்லீங்க சார்" என்றாள் மிதுனா. "பதினொண்ணு எழுதியிருக்கறேன். ஒவ்வொண்ணும் என்னன்னு இப்பவே சொல்றேன். ஆனா அந்தப் பதினொண்ணுல, நீங்க பாத்துட்டு இருக்கற 6.4 இல்லீங்க."

துறைத் தலைவர் முதல் தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"சொல்லுங்க" என்றார்.

அவள் 1.06இலிருந்து ஆரம்பித்தாள்.